கல்லிலும் செம்பிலும் பதிந்த நெரிசல்: 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு அச்சோவியங்களை எப்படிப் படிப்பது?

முன்புறச் சுவரை மொத்தமாகப் பெயர்த்தெடுத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்ப்பதுபோல வரையப்பட்ட பாரிஸ் அடுக்குமாடி வீடு ஒன்றின் படம் இணையத்தில் அடிக்கடி கண்ணில் படுகிறது. கீழ்த் தளங்களில் செல்வர்கள் சோம்பிக் கிடக்கிறார்கள். கூரையை ஒட்டிய அறையில் ஒரு குடும்பம் பட்டினி கிடக்கிறது. மாடி ஏற ஏற விலையும் ஏறும் குடியிருப்புகளைப் பார்த்துப் பழகிய இன்றைய வாசகருக்கு இது தலைகீழாகத் தோன்றுகிறது. படத்தின் கீழே "அக்காலப் பாரிஸ் வாழ்க்கை இப்படித்தான் இருந்தது" என்ற ஒரு வரியும் பெரும்பாலும் சேர்ந்தே வருகிறது. அந்த வரி பாதிதான் சரி. 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அச்சோவியங்கள் நகர நெரிசலைப் பற்றி நிறையச் சொல்கின்றன. ஆனால் நெரிசல் உச்சத்தில் இருந்த இடத்துக்குள் அவை அரிதாகவே நுழைந்தன. அது ஏன் என்று அறிய, அந்த நகரம் எப்படி நெருக்கியது, படம் எப்படி அச்சானது, யார் அதை வாங்கினார்கள், எதை வரைய அரசு அனுமதித்தது என்பனவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

எதை நெரிசல் என்கிறோம்?

1801இல் பாரிஸின் மக்கள்தொகை சுமார் 5,47,000. 1846இல் அது பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. இந்த இடைக்காலத்தில் நகரின் எல்லை மாறவில்லை. வரி வசூலுக்காக 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பப்பட்ட மதிலுக்குள் இருந்த நிலம் ஏறத்தாழ 3,400 ஹெக்டேர்தான். ஹெக்டேருக்கு முந்நூறு பேர் என்பது சராசரிக் கணக்கு. மதிலோரத்தில் தோட்டங்களும் காலி மனைகளும் இருந்தன என்பதால், சேன் ஆற்றின் நடுவிலுள்ள சித்தே தீவு, அதற்கு வடகரையில் நகர மன்றக் கட்டடத்தைச் சுற்றிய தெருக்கள், மத்திய சந்தைப் பகுதி ஆகியவற்றில் உண்மை நிலை இந்தச் சராசரியைவிட மிக மோசமாக இருந்தது.

நெரிசலை மூன்று விதமாக அளக்கலாம். இம்மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் படங்களையும் தவறாகப் படிக்கிறோம்.

1. நிலப்பரப்புக்கு எத்தனை பேர் என்பது முதல் அளவு. நகரத்தின் வரைபடத்தில் தெரிவது இதுதான்.
2. ஒரு கட்டடத்துக்கு எத்தனை குடித்தனம் என்பது இரண்டாவது. இதற்கு முற்றத்துக்குப் பின்னால் ஒட்டுப்போட்ட கட்டடங்களையும், தடுப்புப் பலகையால் இரண்டாக்கப்பட்ட அறைகளையும், கூரைக்கடியில் சேர்க்கப்பட்ட மாடிகளையும் எண்ண வேண்டும்.
3. ஓர் அறைக்கு, சொல்லப்போனால் ஒரு கட்டிலுக்கு, எத்தனை பேர் என்பது மூன்றாவது. உடலைத் தொடும் நெரிசல் இதுவே.

முதல் அளவை மட்டும் வைத்துக்கொண்டு நோயையும் சாவையும் விளக்கிவிட முடியாது என்பதை அக்காலத்திலேயே ஒருவர் காட்டிவிட்டார். மருத்துவர் லூயி-ரெனே வில்லெர்மே 1820களில் பாரிஸின் பன்னிரண்டு வட்டங்களின் இறப்பு விகிதங்களை எடுத்துக்கொண்டு, தெருவின் அகலம், ஆற்றின் அருகாமை, மக்கள் அடர்த்தி என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார். எதுவும் சீராகப் பொருந்தவில்லை. வரி விதிக்கவே முடியாத அளவுக்குக் குறைந்த வாடகை கொடுப்போர் ஒரு வட்டத்தில் எவ்வளவு பேர் என்ற கணக்கு மட்டும் பொருந்தியது. அதாவது, வறுமை கூடிய இடத்தில் சாவும் கூடியது. செல்வர்கள் நெருக்கமாக வாழ்ந்தால் அது நெருக்கம் மட்டுமே. ஏழைகள் நெருக்கமாக வாழும்போது அது கொள்ளைநோயாகிறது.

1832ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் பாரிஸுக்குள் நுழைந்த காலரா அந்த ஓராண்டில் 18,000க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பிரதமர் கசிமிர் பெரியேயும் மே மாதத்தில் அதற்கே பலியானார். ஆனாலும் பலி அதிகம் விழுந்தது நகர மன்றத்தை ஒட்டிய குறுந்தெருக்களில்தான். அவற்றுள் ஒன்றான மொர்தெல்ரி தெருவின் பெயர் சுண்ணச்சாந்து குழைப்போரைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து வந்தது. ஆனால் பிரெஞ்சில் 'மோர்' என்றால் சாவு. காலராவுக்குப் பிறகு அந்தப் பெயரைக் காதால் கேட்கவே தெருவாசிகளுக்குப் பிடிக்காமல்போய், 1835இல் அது நகர மன்றத் தெரு என்று மாற்றப்பட்டது.

மையத்திலேயே ஏன் குவிந்தார்கள்?

மதிலுக்கு அருகே நிலம் இருந்தபோது மக்கள் ஏன் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டார்கள் என்ற கேள்வி இயல்பானது. பதில் நடைதூரத்தில் இருக்கிறது. நகர மன்றத்தின் முன்னிருந்த கிரேவ் சதுக்கத்தில்தான் கொத்தனார்கள் விடியற்காலையில் கூடி நின்று அன்றைய வேலையைப் பிடித்தார்கள். (வேலைநிறுத்தத்துக்கான பிரெஞ்சுச் சொல்லான 'கிரேவ்' இந்தச் சதுக்கத்தின் பெயரிலிருந்து வந்ததுதான்.) பொதுக் குதிரை வண்டியான ஓம்னிபஸ் பாரிஸில் 1828இலேயே ஓடத் தொடங்கியது. ஆனால் 1850களில்கூட உள்ளிருக்கைக்கு 30 சாந்தீம் (நூறு சாந்தீம் ஒரு பிராங்க்), கூரைமேல் இருக்கைக்கு 15 சாந்தீம் கட்டணம். 1847இல் நகர வணிகச் சபை எடுத்த கணக்கின்படி பாரிஸில் ஆண் தொழிலாளரின் சராசரி நாட்கூலி 3 பிராங்க் 80 சாந்தீம். பெண்ணுக்கு அதில் பாதிகூட இல்லை. போகவர உள்ளே உட்கார்ந்து பயணம் செய்தால் ஆண் கூலியில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். எனவே வேலை கிடைக்கும் இடத்திலிருந்து நடக்கும் தொலைவில் உறங்க வேண்டியிருந்தது.

இதோடு வரிக் கொள்கையும் சேர்ந்துகொண்டது. தெருவையோ முற்றத்தையோ தோட்டத்தையோ பார்த்த கதவுகளையும் ஜன்னல்களையும் எண்ணி விதிக்கப்பட்ட வரி 1798 முதல் 1926 வரை நடப்பில் இருந்தது. ஜன்னலை அடைத்தால் வரி குறையும்; அறையில் காற்றும் குறையும். பழைய வீடுகளின் அச்சோவியங்களில் செங்கல் வைத்து மூடப்பட்ட ஜன்னலைக் கண்டால், அது ஓவியரின் அலங்காரமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை.

மூன்று அச்சு முறைகள், மூன்று வகை வாசகர்கள்

'அச்சோவியம்' என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பிடுவது உண்மையில் மூன்று வேறு தொழில்கள். ஒவ்வொன்றும் நெரிசலை வேறுவிதமாகப் பார்த்தது.

1. கல்லச்சு. வழவழப்பாக்கிய சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புப் பென்சிலால் வரைந்து, கல்லை ஈரமாக்கி, அதன்மேல் எண்ணெய் மையை உருட்டினால், வரைந்த இடம் மட்டும் மையைப் பிடித்துக்கொள்ளும். மியூனிக்கில் செனஃபெல்டர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்ட இம்முறை 1816 வாக்கில் பாரிஸில் வேரூன்றியது. ஓவியர் தம் கையாலேயே கல்லில் வரையலாம். இன்று நடந்ததை நாளை விற்கலாம். செய்தித்தாள் கேலிச்சித்திரத்தின் தாய்வீடு இதுதான்.

2. மரச்செதுக்கு அச்சு. புன்னைபோல் இறுகிய பாக்ஸ் மரத்தின் குறுக்குவெட்டில் உளியால் செதுக்குவது. எழுத்து அச்சுகளோடு ஒரே சட்டத்தில் பூட்டி அடிக்கலாம் என்பதால் படமும் உரையும் ஒரே பக்கத்தில் வந்தன. 1833இல் தொடங்கிய 'மகசேன் பித்தொரெஸ்க்', 1843இல் தொடங்கிய 'லில்லுஸ்த்ரசியோன்' போன்ற பட இதழ்கள் இதனால்தான் சாத்தியமாயின. வரைபவர் ஒருவர், செதுக்குபவர் வேறொருவர்.

3. அமில அரிப்பு அச்சு, அதாவது எட்சிங். மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் இட்டு அரிக்கவிட்டு, அந்தப் பள்ளங்களில் மை நிரப்பி அழுத்துவது. படிகள் குறைவு, விலை அதிகம்; வாங்கியவர்கள் சேகரிப்பாளர்கள்.

மூன்றிலும் ஒன்று பொது. வாங்கியவர்களில் கூரையடியில் குடியிருந்தவர்கள் அநேகமாக இல்லை. அவர்கள் படத்தைப் பார்த்திருந்தால், வெரோ-தொதா வணிக நடைபாதையிலிருந்த ஒபேர் நிறுவனத்தின் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்ததைத் தெருவில் நின்று பார்த்திருப்பார்கள். அந்தக் கண்ணாடியின் முன் கூடிய கூட்டத்தையே ஒரு கல்லச்சுப் படமாக்கி 1831இல் அதே நிறுவனம் விற்றதும் உண்டு.

வெட்டுமுக வீடு: 1845

இனி அந்தப் பிரபலமான படத்துக்கு வரலாம். பெர்த்தால் என்ற புனைபெயரில் வரைந்த ஷார்ல் ஆல்பேர் தார்னூ என்பவரின் மரச்செதுக்குப் படம் அது; 1845 ஜனவரி முதல் நாளில் ஒரு பாரிஸ் வீட்டின் குறுக்குவெட்டு என்பது அதன் தலைப்பு. தரைத்தளத்தில் வாயில்காப்போரின் அறையும் சமையலறையும். முதல் மாடியில் சோம்பலில் திளைக்கும் செல்வத் தம்பதியர். இரண்டாம் மாடியில் குழந்தைகளோடு ஒரு வசதியான குடும்பம். அதற்கு மேலே வாடகை கேட்டு வந்து நிற்கும் வீட்டுக்காரர். உச்சியில் வறியோரும், கையில் காசில்லாத கலைஞர்களும்.

ஏழைகள் மேலே போனதற்குக் காரணம் மாடிப்படிதான். மின்தூக்கி இல்லாத வீட்டில் ஒவ்வொரு மாடியும் ஒரு தண்டனை. தண்ணீர்க் குடத்தையும் விறகையும் சுமந்து ஏற வேண்டும். கழிவுவாளியைச் சுமந்து இறங்க வேண்டும். ஓடுகளுக்கும் தகரத்துக்கும் நேர்கீழே உள்ள அறை கோடையில் கொதிக்கும், குளிரில் உறையும். பொறியாளர் லெயோன் எதூ நீரழுத்த மின்தூக்கியைப் பாரிஸ் பொருட்காட்சியில் காட்டியதே 1867இல்தான். அது சாதாரண வீடுகளுக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆயின. (இங்கே 'மின்தூக்கி' என்பது பழக்கத்தால் வந்த சொல், எதூவின் இயந்திரம் தண்ணீரின் அழுத்தத்தால் இயங்கியது.)

இந்தப் படம் சரியாகச் சொல்லும் செய்தி, வர்க்கங்கள் செங்குத்தாக அடுக்கப்பட்டிருந்தன என்பது. ஒரே வாயில், ஒரே படிக்கட்டு, ஒரே வாயில்காப்போர். செல்வரும் ஏழையும் ஒருவரையொருவர் தினமும் கடந்தார்கள். ஆனால் படத்தை அளவுகோலாகக் கொள்ளும்போது மூன்று இடங்களில் தடுக்குகிறது.

முதலாவது, எல்லாத் தளத்துக்கும் படம் ஏறக்குறைய ஒரே அகலத்தைக் கொடுத்திருக்கிறது. கூரையடியில் உண்மையில் நடந்தது பாகப்பிரிவினை. கீழே ஒரு வரவேற்பறை இருக்கும் பரப்பில் மேலே பல குடித்தனங்கள் இருக்கும். படத்தின் பெட்டிக்குள் அத்தனை பேரை அடைத்தால் யாரையும் அடையாளம் காண முடியாது என்பதால், ஓவியர் கூட்டத்தைக் குறைத்துக் காட்சியைத் தெளிவாக்கினார். நாடக மேடைக்கு அது நல்ல உத்தி, குடிக்கணக்குக்கு உதவாது. இரண்டாவது, அது வசதியான தெருவிலுள்ள வீடு. சித்தே தீவின் வீடுகளில் முதல் மாடியிலும் செல்வர் கிடையாது. அடியிலிருந்து நுனிவரை ஏழைகள்தாம். மூன்றாவது, வெட்டு தெருப்பக்கம் விழுகிறது. வெயில் படாத பின்முற்றமும், அதைச் சுற்றி எழுப்பிய ஒட்டுக் கட்டடங்களும் படத்தில் இல்லவே இல்லை.

தணிக்கையும் வீட்டுக்காரரும்

ஒனொரே தோமியே தம் வாழ்நாளில் சுமார் 4,000 கல்லச்சுப் படங்கள் வரைந்தவர். நகரத்தை அவரைவிட அதிகமாக வரைந்தவர் அக்காலத்தில் இல்லை என்றே சொல்லலாம். இருந்தும், குடியிருப்பு அறைக்குள் நம்மை முழுத் தீவிரத்தோடு அழைத்துச் செல்லும் அவருடைய மிகப் புகழ்பெற்ற படம் ஒரு படுகொலையைப் பற்றியது.

1834 ஏப்ரல் 14–15 இரவில், எழுச்சியை அடக்க வந்த படையினர், திரான்ஸ்நொனேன் தெரு 12ஆம் எண் வீட்டிலிருந்து சுடப்பட்டதாகச் சொல்லி உள்ளே புகுந்து குடியிருந்தவர்களைக் கொன்றார்கள். தோமியேயின் படத்தில் ஒரே படுக்கையறை இருக்கிறது. கலைந்த கட்டிலில் சாய்ந்து இரவு உடையோடு இறந்து கிடக்கும் ஆண். அவனுடைய உடலுக்கடியில் ஒரு குழந்தை. இருளில் ஒரு பெண். ஓரத்தில் ஒரு முதியவரின் தலை. பத்திரிகைகளுக்கு விதிக்கப்படும் அபராதத்தைக் கட்டுவதற்காகச் சந்தாதாரர்களுக்கு மாதம் ஒன்றாக வெளியிடப்பட்ட வரிசையில் இது வந்தது. கிடைத்த படிகளைக் காவல்துறை கைப்பற்றியது.

இதைக் குடியிருப்பு ஆவணமாகப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்றிரவு இறந்தவர்கள் அவ்வீட்டின் வெவ்வேறு மாடிகளில் இருந்தவர்கள். மூன்று தலைமுறையை ஓர் அறைக்குள் கொண்டுவந்தது ஓவியரின் தேர்வு. ஆனால், ஒரு தொழிலாளர் குடும்பத்தில் மூன்று தலைமுறை ஒரே அறையில் உறங்குவது அன்றைய பார்வையாளர் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. அந்தத் தேர்வு எடுபட்டதே அதற்குச் சான்று என்பேன்.

மறு ஆண்டே நிலைமை மாறியது. 1835 செப்டம்பர் சட்டம் படங்களுக்கு முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது. எழுத்து கருத்தைச் சொல்கிறது, படமோ கண்ணோடு நேரடியாகப் பேசிச் செயலுக்குத் தூண்டுகிறது என்பது அரசுத் தரப்பு வாதம். 1848 புரட்சி அந்தத் தடையை நீக்கியது. 1852இல் அது திரும்பி வந்தது. நிலையாக ஒழிந்தது 1881ஆம் ஆண்டின் பத்திரிகைச் சுதந்திரச் சட்டத்தால்தான். ஆக, நாம் பேசும் காலத்தின் பெரும்பகுதியில், எழுத்தாளருக்கு இல்லாத ஒரு கடிவாளம் ஓவியருக்கு இருந்தது.

கடிவாளத்துக்குள் சொல்லக்கூடியது நகைச்சுவை. 1840களின் பிற்பகுதியில் 'லெ ஷரிவாரி' நாளிதழில் தோமியே 'குடித்தனக்காரர்களும் வீட்டுக்காரர்களும்' என்ற வரிசையைத் தொடங்கி, 1850களிலும் தொடர்ந்தார். அதில் வரும் வீட்டுக்காரருக்கு மக்கள் வழக்கில் 'திருவாளர் வோத்தூர்' என்று பெயர். வோத்தூர் என்றால் பிணந்தின்னிக் கழுகு. வாடகை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் கட்ட வேண்டும். கையில் இல்லாதவர்கள் தவணை நாளுக்கு முன் தட்டுமுட்டுச் சாமான்களோடு கிளம்பிவிடுவார்கள். தள்ளுவண்டியில் மேசையும் மெத்தையும் ஏற்றி வீடு மாறும் காட்சி அந்நூற்றாண்டு அச்சோவியங்களில் திரும்பத் திரும்ப வருவதன் பின்னணி இதுதான்.

சிரிக்க வைக்கும் படங்களிலும் பொருளாதாரம் ஒளிந்திருக்கிறது. 1850களின் படம் ஒன்றில் வோத்தூர், எதிரே இடிபடும் வீட்டைப் பார்த்து மகிழ்ந்து, இன்னொரு வீடு போயிற்று, என் குடித்தனக்காரர் ஒவ்வொருவருக்கும் 200 பிராங்க் ஏற்றலாம் என்கிறார். முன்சொன்ன சராசரிக் கூலிக் கணக்கில் அது ஐம்பது நாள் உழைப்புக்கும் அதிகம். இடிப்பு நெரிசலைக் குறைக்கும் என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தபோது, மிஞ்சிய வீடுகளின் வாடகை ஏறி நெரிசல் இடம் மாறும் என்று இரண்டு வரி கேலி சொல்லிவிட்டது.

ஒரே தெரு, இரண்டு சாட்சிகள்

முன்னாள் கடற்படை அதிகாரியான ஷார்ல் மெரியோனுக்கு நிறக்குருடு. அதனால் வண்ண ஓவியத்தைக் கைவிட்டுச் செப்புத் தகட்டைப் பிடித்தார். 1850 முதல் 1854 வரை அவர் செய்த பாரிஸ் எட்சிங்குகள், அழியவிருந்த பழைய நகரத்தின் மிகச் செறிந்த பதிவுகள். 'பிணவறை' என்ற 1854ஆம் ஆண்டுப் படத்தில், சித்தே தீவின் கரையில் நிற்கும் தாழ்ந்த பிணவறைக்குப் பின்னால் குடியிருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக, கூரைக்கு மேல் கூரையாக ஏறிக்கொண்டே போகின்றன. கீழே ஆற்றில் சலவைப் படகு, காயும் துணிகள், தூக்கி வரப்படும் ஒரு சடலம், கரைச்சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்க்கும் கூட்டம். ஜன்னல்களில் ஆட்கள் அநேகமாக இல்லை. நெரிசலை இங்கே சுமப்பவை சுவர்களும் ஜன்னல்களும்தாம்.

மெரியோனை நம்பத்தக்க நிலப்பட வரைஞராக எண்ணுவது ஆபத்து. ஒரே தகட்டைப் பலமுறை திருத்தியவர் அவர். 'பொன்-ஓ-ஷாஞ்ச்' பாலத்தின் படத்தில் வானில் மிதந்த பலூனை எடுத்துவிட்டுப் பின்னர் பறவைக் கூட்டத்தைச் செதுக்கினார். 1868இல் ஷராந்தோன் மனநல விடுதியில் இறந்தார்.

அவருடைய 1852ஆம் ஆண்டு எட்சிங் ஒன்று, திக்செராந்திரி தெருவின் மூலையிலிருந்த சிறு கோபுரத்தைக் காட்டுகிறது. 1851இல் இடிக்கப்பட்டது என்று தலைப்பிலேயே குறிப்பு இருக்கிறது. அழகான படம். பழைமையின் மேல் ஏக்கம் வரவைக்கும் படம்.

அதே தெருவில், 1830இல் ஊரிலிருந்து வந்த ஒரு கொத்தனார்ச் சிறுவன் தங்கியிருந்தான். மார்த்தேன் நதோ என்ற அவன் பிற்காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினராகி, தன் வாழ்க்கை நினைவுகளை எழுதினான். மத்திய பிரான்சின் க்ரோஸ் பகுதியிலிருந்து வசந்த காலத்தில் வந்து, பனிக்காலத்தில் திரும்பும் கொத்தனார்களுக்கென்றே 'கார்னி' எனப்படும் வாடகைக் கட்டில் விடுதிகள் இருந்தன. நதோ தங்கிய அறையில் ஆறு கட்டில்கள், பன்னிரண்டு பேர். கட்டிலுக்கு இருவர். நடந்துபோக மிஞ்சிய இடம் அரை மீட்டர் அகலம்.

அந்த அறையைப் போன்ற ஒன்றை மெரியோன் தம் தகட்டில் வைக்கவில்லை. தோமியே வரிசை வரிசையாக வரைந்த வீட்டுக்காரர்களும் பெரும்பாலும் கடைக்காரர், குமாஸ்தா போன்றோரிடம்தான் வாடகை கேட்கிறார்கள். கட்டிலுக்கு வாடகை கொடுப்பவரிடம் வோத்தூர் நேரில் வருவதில்லை. காரணங்களில் முதன்மையானது சந்தை: வரவேற்பறைச் சுவரில் மாட்டவோ சிற்றுண்டிச்சாலையில் சிரித்துப் புரட்டவோ பன்னிரண்டு கொத்தனார்களின் அழுக்குப் போர்வை உதவாது. இருட்டான அந்த அறைகளுக்குள் ஓவியருக்குப் போக்குவரத்தும் இல்லை. எனவே, நெரிசலின் மூன்றாவது அளவுக்கு, அதாவது கட்டிலுக்கு எத்தனை பேர் என்பதற்கு, படத்தை விட்டுவிட்டு எழுத்திடம்தான் போக வேண்டியிருக்கிறது.

இடிப்பு

தெருக்களை அகலப்படுத்தும் வேலை, பாரிஸைப் பேரளவில் இடித்துக் கட்டிய ஆட்சியர் ஓஸ்மானுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1833 முதல் 1848 வரை சேன் மாவட்ட ஆட்சியராக இருந்த ராம்புத்தோ, தம் பெயரால் வழங்கும் 13 மீட்டர் அகலத் தெருவைப் பழைய நடுப்பகுதியின் ஊடே வெட்டினார். 1850இல் சுகாதாரமற்ற குடியிருப்புகள் பற்றிய சட்டம் வந்தது. ஆனால் 1853இல் அதே ஆட்சியர் பதவியை ஏற்ற ஜோர்ஜ்-எழேன் ஓஸ்மான் செய்ததன் அளவே வேறு. 1870 வரை ஏறக்குறைய 20,000 வீடுகள் இடிக்கப்பட்டன; அதைவிட அதிகமாகவே கட்டப்பட்டன. சித்தே தீவின் பெரும்பகுதி குடியிருப்புகள் அரசுக் கட்டடங்களுக்கு வழிவிட்டன.

தோமியேயின் 1853ஆம் ஆண்டுப் படத்தில், பாதி இடிந்த சுவரில் எஞ்சி நிற்கும் அறையின் தடத்தைக் காட்டி ஒருவர் தம் மனைவியிடம், அதுதான் அதலேய்த், நம் மணவறை, இந்த லிமூசேன்காரர்கள் எதையும் மதிப்பதில்லை, நினைவுகளைப் போற்றத் தெரியாதவர்கள் என்று புலம்புகிறார். லிமூசேன்காரர்கள் என்று அவர் திட்டுவது நதோவின் ஊர்ப்பக்கத்துக் கொத்தனார்களைத்தான். அறைக்குப் பன்னிரண்டு பேராகக் கிடந்தவர்கள் படத்தில் தோன்றும் விதத்தைப் பாருங்கள்: தூரத்தில், கடப்பாரையோடு, அடுத்தவரின் மணவறையை இடிப்பவர்களாக.

எட்சிங் கலைஞர்களுக்கு இது பெருவேலைக் காலம். மக்சீம் லலான், சேன்-ழெர்மேன் பெருஞ்சாலைக்காக நடந்த இடிப்புகளை 1862இல் பதிவு செய்தார். மர்சியால் பொத்தெமோன் 1860களில் பழைய பாரிஸைப் பற்றி மட்டும் 300 எட்சிங்குகள் செய்தார். ஆனால் இவையும் தெருவைத்தான் காட்டின. வெளியேறியவர்கள் எங்கே போனார்கள் என்பது இவற்றில் கிடையாது. 1860 ஜனவரி முதல் நாளில் பாரிஸ் தன் சுற்றுப்புற ஊர்களை விழுங்கி, பன்னிரண்டு வட்டத்திலிருந்து இருபது வட்டமானது. பெல்வில் போன்ற அந்தப் புது வட்டங்களில்தான் வெளியேற்றப்பட்டோர் பலர் குடியேறினார்கள். பெர்த்தாலின் வீட்டில் மேலும் கீழுமாக இருந்த செல்வமும் வறுமையும், இப்போது நகரின் மேற்கிலும் கிழக்கிலுமாகப் பிரியத் தொடங்கின. முற்றாகப் பிரிந்துவிடவில்லை, பணிப்பெண்கள் கூரையடி அறைகளிலேயே இருந்தார்கள். ஆயினும் ஒரு வீட்டை வெட்டிப் பார்த்தால் நகரமே தெரியும் என்ற நிலை தளர்ந்தது.

லண்டனில் ஒரு பிரெஞ்சுக் கண்

கிடையாகப் பரவிய நெரிசலுக்கு 19ஆம் நூற்றாண்டு தந்த மிக வலிமையான படத்தை ஒரு பிரெஞ்சுக்காரர் வரைந்தார். ஆனால் வரையப்பட்ட நகரம் லண்டன். ஸ்திராஸ்பூரில் பிறந்த குஸ்தாவ் தொரே, ஆங்கிலப் பத்திரிகையாளர் பிளான்சர்ட் ஜெரால்டோடு சேர்ந்து உருவாக்கிய நூல் 1872இல் 180 மரச்செதுக்குப் படங்களோடு வெளிவந்தது. அதில் ரயிலின் மேலிருந்து பார்த்த லண்டன் என்ற படத்தில், உயர்ந்த ரயில்பாதை வளைவுகளுக்கு இடையே ஒரே அச்சில் வார்த்ததுபோன்ற வீடுகள் வரிசையாக வளைந்து செல்கின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் கையகல முற்றம். அதில் மனிதர்கள், துணிகள். வீடு ஒன்றுபோல இருப்பதே இங்கே நெரிசலின் உருவம். பெர்த்தாலின் படத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு கதை இருந்தது. தொரேயின் படத்தில் எந்த வீட்டுக்கும் தனிக் கதை இல்லை.

அக்கால விமர்சகர்கள் சிலர் அவர் கண்டதைவிடக் கற்பித்ததே அதிகம் என்றார்கள். தொரே இடத்திலேயே நின்று வரைவதைவிட, குறிப்பெடுத்துக்கொண்டு நினைவிலிருந்து வரைவதையே விரும்பியவர் என்பதால் அந்தக் குற்றச்சாட்டில் உண்மை உண்டு. மேலும், அவர் மரக்கட்டையில் வரைந்த சாம்பல்நிறச் சாயல்களைக் கோடுகளாக மாற்றியது செதுக்குவோரின் கை. எனவே அந்த இருளில் எவ்வளவு லண்டனுடையது, எவ்வளவு தொரேயுடையது, எவ்வளவு உளியுடையது என்று பிரிப்பது கடினம்.

இதற்குப் பிறகு ஓவியர்களின் கவனம் வேறு பக்கம் போயிற்று. 1890களில் வல்லொத்தோனின் மரவெட்டுகளில் கூட்டம் தெருவிலும் பல்பொருள் அங்காடியிலும் நெருக்குகிறது. பொன்னார் 1899இல் வெளியிட்ட வண்ணக் கல்லச்சு வரிசையில் முற்றத்துக்கு எதிரே தெரியும் வீட்டின் ஜன்னல்கள், நிறமும் வடிவமுமாக, பார்ப்பதற்கு இதமான காட்சியாகிவிடுகின்றன. குடியிருப்பு நெரிசலைப் பதிவுசெய்யும் வேலையை வேறொரு காகிதம் ஏற்றுக்கொண்டது. 1894 முதல் பாரிஸ் நகராட்சி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சுகாதாரக் கோப்பைத் திறந்து, அங்கே நிகழும் காசநோய்ச் சாவுகளைக் குறிக்கத் தொடங்கியது. பால் ழுய்லெரா நடத்திய இந்தப் பணியிலிருந்துதான், சாவு மிகுந்த வீட்டுத் தொகுதிகளுக்குச் 'சுகாதாரமற்ற தொகுதி' என்று எண்ணிட்டு இடிப்புக்கு உரியவையாக அறிவிக்கும் வழக்கம் பிறந்தது.

அவற்றில் முதல் எண் பெற்றது போபூர் தெருவை ஒட்டிய பகுதி. திரான்ஸ்நொனேன் தெருவும் 1851இல் இந்தப் போபூர் தெருவோடுதான் இணைக்கப்பட்டு, பெயரை இழந்திருந்தது. முதல் எண் தொகுதியின் வீடுகள் 1930களில் இடிக்கப்பட்டன. வெட்டவெளியான நிலம் நெடுங்காலம் வண்டி நிறுத்துமிடமாகக் கிடந்தது. 1977இல் அங்கே பொம்பிடூ கலை மையம் திறக்கப்பட்டது.